வீட்டு நுண்ணோக்கியில் உங்களையே பார்க்கப் போறீங்களா? தெரிந்துகொள்ள வேண்டியவை

பள்ளி விடுமுறை. இணையத்தில் வாங்கிய நுண்ணோக்கி, அதாவது மைக்ரோஸ்கோப், வீட்டுக்கு வந்துவிட்டது. முதல் நாள் வெங்காயத்தோல். அடுத்த நாள் சர்க்கரை, எறும்பின் கால், இரண்டு வெள்ளி நோட்டு. மூன்றாம் நாள் பலருக்கும் வரும் யோசனை உங்களுக்கும் வரும்: "என்னையே பார்த்தா என்ன?"

தாராளமாகப் பார்க்கலாம். கன்னத்தின் உட்புறம், பல்லிடுக்கு, ஒரு முடி... பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது. செலவும் அதிகமில்லை.

ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நுண்ணோக்கி உங்களுக்கு ஓர் உருவத்தைக் காட்டும். அந்த உருவத்துக்கு என்ன அர்த்தம் என்று அது சொல்லாது. இந்த வேறுபாட்டை மறந்துவிட்டால் இரண்டு விதமாக மாட்டிக்கொள்ளலாம். இல்லாத நோயை நினைத்துப் பயப்படலாம். இருக்கும் நோயை "ஒன்றும் தெரியலையே" என்று விட்டுவிடலாம். இரண்டாவது இன்னும் ஆபத்தானது.

எதை, எப்படிப் பார்ப்பது? எங்கே நிறுத்திக்கொள்வது? பார்ப்போம்.

இதைத் தொடங்கி வைத்தவர் யார்?

துணி வியாபாரி ஒருவர். பெயர் அந்தோனி வான் லீவன்ஹூக். 1632ஆம் ஆண்டு நெதர்லந்தின் டெல்ஃப்ட் நகரில் பிறந்தவர். பல்கலைக்கழகத்தில் படித்தவர் அல்லர். அவர் தாமே செதுக்கிய சின்னஞ்சிறு கண்ணாடி வில்லைகளைக் கொண்டு நுண்ணோக்கிகள் செய்தார். இன்று எஞ்சியிருப்பவற்றில் ஆகச் சிறந்தது பொருளைச் சுமார் 270 மடங்கு பெரிதாக்கிக் காட்டுகிறது. இப்போது கடையில் கிடைக்கும் சாதாரண நுண்ணோக்கி 400 மடங்குவரை காட்டும். அதாவது, உங்கள் மேசையில் இருக்கும் கருவி அவருடையதைவிடக் குறைந்ததல்ல.

அவர் எதையெல்லாம் பார்த்தார் தெரியுமா? தம் ரத்தம், தம் முடி, தம் பல்லில் படிந்த வெள்ளைப் படலம். 1683ஆம் ஆண்டு செப்டம்பரில் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதிய கடிதத்தில், பல்லிடுக்கிலிருந்து எடுத்த அழுக்கில் மிகச் சிறிய உயிர்கள் துள்ளி ஓடுவதை விவரித்தார். அவர் தினமும் உப்பால் பல் தேய்ப்பவர். நம் பாட்டிமார் கரியும் உப்பும் வைத்துத் தேய்த்த மாதிரிதான். அப்படியிருந்தும் தம் வாய்க்குள் நாட்டின் மக்கள்தொகையைவிட அதிகமான உயிர்கள் இருப்பதாக எழுதினார். வாழ்நாளில் பல்லே விளக்காத முதியவர் ஒருவரின் வாயிலிருந்தும் மாதிரி எடுத்தார். அதில் கூட்டம் இன்னும் அதிகம்.

நமக்குப் பாடமாக இருப்பது இன்னொரு சம்பவம். 1681இல் அவருக்கு வயிற்றுப்போக்கு. தம் மலத்தையே நுண்ணோக்கியில் பார்த்தார். நீந்தும் சிறு உயிர்கள் தெரிந்தன. அவற்றின் அளவையும் அசைவையும் துல்லியமாக எழுதிவைத்தார். அது ஜியார்டியா எனும் குடல் ஒட்டுண்ணியாக இருந்திருக்க வேண்டும் என்று இன்றைய அறிவியலாளர்கள் கருதுகிறார்கள்.

உலகிலேயே முதல்முறையாக அதைப் பார்த்தவர் அவராக இருக்கலாம். ஆனால் அத்தகைய நுண்ணுயிர்கள் நோயை உண்டாக்கும் என்பது அவருக்குத் தெரியாது. குறிப்பிட்ட ஒரு நுண்ணுயிர்தான் குறிப்பிட்ட ஒரு நோய்க்குக் காரணம் என்பதை ராபர்ட் கோக் நிரூபித்தது 1876ஆம் ஆண்டில். நடுவே ஏறக்குறைய 200 ஆண்டுகள். பார்ப்பதற்கும் புரிந்துகொள்வதற்கும் இடையே அவ்வளவு தூரம்.

எந்த நுண்ணோக்கி? எத்தனை மடங்கு?

முதலில் அளவுகளைத் தெரிந்துகொள்வோம். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு, ஒரு மைக்ரோமீட்டர்.

- வெறுங்கண்ணால் பார்க்கக்கூடிய மிகச் சிறியது: சுமார் 100 மைக்ரோமீட்டர்
- தலைமுடியின் தடிமன்: பெரும்பாலும் 50 முதல் 100 மைக்ரோமீட்டர்
- கன்னத்தின் உட்புற உயிரணு: சுமார் 60 மைக்ரோமீட்டர்
- ரத்தச் சிவப்பணு: 7 முதல் 8 மைக்ரோமீட்டர்
- பெரும்பாலான பாக்டீரியா: 0.5 முதல் 5 மைக்ரோமீட்டர்
- கொவிட்-19 கிருமி: சுமார் 0.1 மைக்ரோமீட்டர்
- டெங்கிக் கிருமி: சுமார் 0.05 மைக்ரோமீட்டர்

சாதாரண ஒளி நுண்ணோக்கியால் சுமார் 0.2 மைக்ரோமீட்டருக்கும் நெருக்கமான இரண்டு புள்ளிகளைப் பிரித்துக் காட்ட முடியாது. ஒளியின் இயல்பே அப்படி. எவ்வளவு பணம் கொடுத்து வாங்கினாலும் அந்த எல்லை மாறாது. ஆகவே கொவிட், டெங்கி, சளிக்காய்ச்சல் கிருமிகளை வீட்டில் பார்க்கவே முடியாது. "என் நுண்ணோக்கியில் வைரஸ் தெரிஞ்சுது" என்று யாராவது காணொளி போட்டால், அவர்கள் பார்த்தது வேறு எதையோ.

"2000 மடங்கு" என்று பெட்டியில் எழுதியிருந்தால் மயங்கிவிடாதீங்க. மங்கலான படத்தைக் கைத்தொலைபேசித் திரையில் விரலால் இழுத்துப் பெரிதாக்கினால் என்ன ஆகும்? பெரிசாகும், ஆனா தெளிவாகாது. அதே கதைதான். கணினியில் இணைக்கும் மலிவான மின்னிலக்க நுண்ணோக்கிகள் பல, திரையின் அளவையும் கணக்கில் சேர்த்து அந்த எண்ணைப் போடுகின்றன. துணியின் நெசவு, தோலின் கோடுகள் ஆகியவற்றைப் பார்க்க அவை நன்றாக இருக்கும். உயிரணுவைப் பார்க்கப் போதாது.

4, 10, 40 என்று மூன்று வில்லைகளும், கண் வைத்துப் பார்க்கும் இடத்தில் 10 மடங்கு வில்லையும், கீழிருந்து வெளிச்சமும் உள்ள கருவி போதும். இரண்டையும் பெருக்கினால் 40, 100, 400 மடங்கு. வாங்க வசதி இல்லையா? ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்தின் மனு பிரகாஷ் குழுவினர் 2014இல் அறிமுகப்படுத்திய ஃபோல்ட்ஸ்கோப், காகிதத்தை மடித்துச் செய்யும் நுண்ணோக்கி. 140 மடங்கு காட்டும். கன்னத்து உயிரணுவுக்கு அதுவே போதும்.

முதல் சோதனை: உங்கள் கன்னம்

இதுதான் ஆகப் பாதுகாப்பானது. ரத்தம் இல்லை, வலி இல்லை. பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

தேவையானவை: இரண்டு கண்ணாடி ஸ்லைடு, அவற்றை மூடும் மெல்லிய கவர் ஸ்லிப், சுத்தமான பஞ்சுக்குச்சி, சாயம். உயிரணு கிட்டத்தட்ட நிறமில்லாதது. சாயம் இல்லாவிட்டால் கண்ணுக்குத் தட்டுப்படுவது கஷ்டம். மெத்திலீன் புளூ எனும் நீலச் சாயம் அலங்கார மீன் கடைகளில் மீன்களுக்கான மருந்தாகக் கிடைக்கும். காயத்துக்குப் போடும் ஐயோடினை நீரில் கலந்தும் பயன்படுத்தலாம்.

1. வாயை நீரால் கொப்பளியுங்கள். மத்தியானம் சாப்பிட்ட சோறு ஸ்லைடில் வர வேண்டாம்.

2. பஞ்சுக்குச்சியால் கன்னத்தின் உட்புறத்தை ஐந்தாறு முறை மென்மையாகத் தேயுங்கள். சுரண்ட வேண்டாம்.

3. ஸ்லைடின் நடுவே மெல்லியதாகப் பூசி, சில நிமிடங்கள் காயவிடுங்கள்.

4. ஒரு துளி சாயம். ஒன்றிரண்டு நிமிடம் பொறுங்கள்.

5. கவர் ஸ்லிப்பை ஒரு பக்கம் சாய்வாகத் தொடவைத்து மெதுவாக இறக்குங்கள். நேராகப் போட்டால் காற்றுக் குமிழி மாட்டிக்கொள்ளும். ஓரத்தில் வழியும் சாயத்தைக் காகிதத்தால் ஒற்றி எடுங்கள்.

6. மிகச் சிறிய வில்லையில் தொடங்கி, நீலப் பொட்டுகளைக் கண்டுபிடித்த பிறகு 10, அப்புறம் 40க்குப் போங்கள். எடுத்த எடுப்பில் 40 வைத்தால் ஒன்றும் கிடைக்காது, வில்லை கண்ணாடியில் இடிக்கவும் கூடும்.

இன்னொரு ஸ்லைடையும் தயார் செய்யுங்கள். அதில் உங்கள் மாதிரி எதுவும் இருக்கக்கூடாது. தண்ணீரும் சாயமும் மட்டும். ஏன் என்று பிறகு சொல்கிறோம்.

என்ன தெரியும்? ஒழுங்கில்லாத பலகோண வடிவில், ஓரம் மடிந்த வெளிர்நீலத் துண்டுகள். கசங்கிய ரொட்டிப் பராட்டாத் துண்டு மாதிரி. ஒவ்வொன்றின் நடுவிலும் அடர்நீலப் பொட்டு. அந்தப் பொட்டுதான் உட்கரு. அம்மாவிடமிருந்தும் அப்பாவிடமிருந்தும் வந்த மரபணுத் தொகுப்பு அதற்குள் இருக்கிறது.

இன்னும் உற்றுப் பாருங்கள். உயிரணுவின்மேல் பொடிப்பொடியாகப் புள்ளிகள் இருக்கும். பல, உங்கள் வாயில் குடியிருக்கும் பாக்டீரியா. பயப்படாதீங்க. எல்லாருக்கும் இருக்கும். 2016ஆம் ஆண்டு வெளியான ஒரு மதிப்பீட்டின்படி, ஒரு மனிதரின் சொந்த உயிரணுக்கள் சுமார் 30 லட்சம் கோடி. அவர் உடலில் உள்ள பாக்டீரியா சுமார் 38 லட்சம் கோடி. ஏறக்குறைய ஆளுக்குப் பாதி.

பார்ப்பதை அளந்து பாருங்கள்

நுண்ணோக்கியில் பார்க்கும்போது எல்லாமே பெரிசாகத்தான் தெரியும். அளவு தெரியாவிட்டால் தூசியையும் உயிரணுவையும் குழப்பிக்கொள்வோம். வழி சுலபம். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் அளவுகோலை 4 மடங்கு வில்லையின்கீழ் வையுங்கள். வட்டத்தின் குறுக்கே எத்தனை மில்லிமீட்டர் தெரிகிறது என்று எண்ணுங்கள். பல கருவிகளில் அது 4.5 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். 40 மடங்கு வில்லைக்கு மாறினால் அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 450 மைக்ரோமீட்டர்.

இனி கணக்குப் போடலாம். அந்த வட்டத்தின் குறுக்கே ஏழெட்டுக் கன்னத்து உயிரணுக்கள் வரிசையாக நிற்கும். "இது என்ன?" என்று கேட்பதற்கு முன் "இது எவ்வளவு பெரிசு?" என்று கேளுங்கள். பாதிச் சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும்.

பல்லிடுக்கும் முகமும்

லீவன்ஹூக் செய்ததை நீங்களும் செய்யலாம். காலையில் பல் விளக்கும் முன், பல்லின் ஓரத்தில் பல்குச்சியால் லேசாகத் தடவி, ஒரு துளி நீரில் கலந்து பாருங்கள். சாயம் போட்டால் உருண்டை, குச்சி வடிவங்கள் தெரியும். 400 மடங்கில் அவை மிகப் பொடியாகத்தான் இருக்கும். பல் விளக்கிய பிறகு இன்னொரு ஸ்லைடு போட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். நன்றாக விளக்கினோமா என்று அதை வைத்துச் சான்றிதழ் கொடுத்துவிட முடியாது. இரண்டு முறையும் ஒரே இடத்தில் ஒரே அளவு எடுத்தோம் என்று சொல்ல முடியாதல்லவா?

முடியும் நல்ல மாதிரி. சீப்பில் வந்த முடியே போதும். வேர்ப்பகுதி குமிழ்போல் இருக்கும், நுனி பிளந்திருக்கும். அக்காவின் சாயம் பூசிய முடி, தாத்தாவின் நரைமுடி என்று ஒப்பிடலாம். கேட்டு வாங்குங்கள்.

முகத்தில் ஓர் ஆச்சரியம் காத்திருக்கலாம். மூக்கின் ஓரத்தில் ஒளி ஊடுருவும் ஒட்டுநாடாவை அழுத்தி எடுத்து ஸ்லைடில் ஒட்டினால், சில சமயம் மீன்போல் நீண்ட, முன்பக்கத்தில் எட்டுக் குட்டைக் கால்கள் கொண்ட ஒன்று தெரியும். டெமோடெக்ஸ் எனும் உண்ணி. நீளம் சுமார் 0.3 மில்லிமீட்டர். முடிவேர்க் குழிகளில் வாழும். பெரியவர்கள் பெரும்பாலோரின் முகத்தில் அது இருக்கிறது. எந்தத் தொந்தரவும் தராமல்தான் இருக்கிறது.

"ஐயோ, முகத்துல பூச்சியா!" என்று அலறத் தோன்றும். இங்கேதான் நிதானம் தேவை. அதைப் பார்த்துவிட்டோம் என்பதற்காக முகத்தில் கடுமையான மருந்துகளைப் பூசினால், உண்ணியைவிட மருந்துதான் தோலைக் கெடுக்கும். நேற்றும் அது இருந்தது, நீங்கள் நன்றாகத்தான் இருந்தீர்கள். இன்று பார்த்தீர்கள், அவ்வளவுதான். முகத்தில் விடாத சிவப்போ கண் இமையில் எரிச்சலோ இருந்தால் மருத்துவரிடம் போங்கள். ஆனால் போவதற்குக் காரணம் உங்கள் முகத்தில் உள்ள தொந்தரவு, ஸ்லைடில் தெரிந்த உருவம் அல்ல.

"ஏதோ புழு மாதிரி நெளியுதே!"

வீட்டு நுண்ணோக்கி வைத்திருக்கும் எல்லாரும் ஒருநாள் சொல்லும் வாக்கியம் இது. பெரும்பாலும் அது கீழ்க்கண்டவற்றில் ஒன்று:

- துணி நூல்: பருத்தி இழை, முறுக்கிய நாடாபோல் இருக்கும். சட்டையிலிருந்து, துண்டிலிருந்து, ஏன், நீங்கள் பயன்படுத்திய பஞ்சுக்குச்சியிலிருந்தே வந்திருக்கும். அச்சு அசல் புழு மாதிரி தெரியும்.
- காற்றுக் குமிழி: ஓரத்தில் தடித்த கறுப்பு வளையம். உள்ளே பளிச்சென்று வெறுமை.
- மாவுத் துகள்: சாப்பாட்டிலிருந்தோ பவுடர் பூசிய கையுறையிலிருந்தோ வருவது. ஐயோடின் பட்டால் கருநீலமாக மாறும்.
- சாயத் துகள்: கூர்மையான, அடர்நிறப் பொடி.
- உங்கள் இமைமுடி, உங்கள் கண்ணுக்குள் மிதக்கும் நிழல்கள்: கண்ணை அசைத்தால் கூடவே நகரும்.

அசைகிறதே, அப்போ உயிர்தானே? அவசரப்படாதீங்க. நீரில் மிதக்கும் மிகச் சிறிய துகள் எதுவும் நின்ற இடத்திலேயே நடுங்கிக்கொண்டிருக்கும். 1827இல் ராபர்ட் பிரவுன் இதைக் கவனித்தார். நீர் மூலக்கூறுகள் எல்லாப் பக்கமும் மோதுவதால் வரும் ஆட்டம் அது. எல்லாமே ஒரே திசையில் போனால் அது நீரோட்டம். ஒன்று மட்டும் மற்றவற்றைத் தாண்டி, திசை மாறி மாறிப் போனால்தான் உயிரென்று சந்தேகிக்கலாம்.

இப்போது அந்த இரண்டாவது ஸ்லைடை எடுங்கள். உங்கள் மாதிரி இல்லாத, வெறும் நீரும் சாயமும் உள்ள ஸ்லைடு. நீங்கள் பார்த்துப் பயந்த அதே உருவம் அதிலும் இருந்தால், அது உங்கள் உடம்பிலிருந்து வந்ததல்ல. மருத்துவக்கூடங்களும் இப்படித்தான் தங்களையே சோதித்துக்கொள்கின்றன.

இது சின்ன விஷயம் அல்ல. தோலில் பூச்சி ஊர்வதாக உறுதியாக நம்பி, நூல், தூசி, தோல் துணுக்கு ஆகியவற்றைச் சிறு பெட்டியில் போட்டு மருத்துவரிடம் கொண்டுவருபவர்கள் உண்டு. மருத்துவத்தில் இதற்குத் 'தீப்பெட்டி அடையாளம்' என்றே பெயர். அவர்கள் படும் அரிப்பும் அவஸ்தையும் உண்மை. பெட்டியில் இருப்பதுதான் காரணமல்ல. நள்ளிரவில் நுண்ணோக்கி முன் உட்கார்ந்து திரும்பத் திரும்பத் தேடினால் அந்தப் பயம் வளரும், குறையாது. உங்களுக்கோ தெரிந்தவருக்கோ அப்படி ஆனால் கருவியை மூடிவைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள். கேலி செய்ய வேண்டாம்.

எச்சிலில் தெரியும் பெரணி இலை

ஒரு துளி எச்சிலை ஸ்லைடில் காயவிட்டுப் பாருங்கள். சிலருக்குச் சில நாள்களில் பெரணி இலைபோல் கிளை கிளையாக ஓர் அழகான படிக வடிவம் தெரியும். எச்சிலில் உள்ள உப்புகள் காயும்போது உருவாவது அது. பெண்களின் உடலில் ஈஸ்ட்ரோஜன் சுரப்பு அதிகரிக்கும்போது, அதாவது கருமுட்டை வெளியாகும் நாள்களையொட்டி, இந்த வடிவம் தோன்றக்கூடும். இதை வைத்தே லிப்ஸ்டிக் அளவில் சிறு நுண்ணோக்கிகள் விற்கிறார்கள்.

சரி, பெரணி தெரிந்தால் கருத்தரிக்கும் நாள், தெரியாவிட்டால் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா? கூடாது. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாக அமைப்பே எச்சரிக்கிறது. எல்லாப் பெண்களுக்கும் அது தெரிவதில்லை. வேறு நாள்களிலும் தெரியலாம். ஆண்கள் சிலரின் எச்சிலிலும் தெரியும்! புகைபிடித்தாலும், சாப்பிட்டாலும், ஸ்லைடில் பூசிய விதத்தாலும்கூட முடிவு மாறும். கருத்தரிப்பைத் தவிர்க்க இதை நம்பக்கூடாது.

வடிவம் உண்மை. அதிலிருந்து நாம் எடுக்கும் முடிவு தவறாக இருக்கலாம். பார்த்தது ஒன்று, அர்த்தம் இன்னொன்று.

ரத்தம், சிறுநீர்... வேண்டுமா?

ரத்தத்தை வீட்டில் எடுக்க வேண்டாம் என்பதே எங்கள் பரிந்துரை. சிவப்பணுவைப் பார்க்க ஆசையாக இருந்தால், ஏற்கெனவே தயாரித்துச் சாயமிட்ட ஸ்லைடுகள் கிடைக்கும். பள்ளி ஆய்வுக்கூடத்தில் ஆசிரியரிடமும் கேட்கலாம்.

காரணம் உண்டு. ஹெப்படைட்டிஸ் பி கிருமி உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாள் உயிர்ப்புடன் இருக்கக்கூடியது. ரத்தம் காய்ந்துபோனாலும் ஆபத்து போய்விடாது. தாத்தா சர்க்கரை அளவைச் சோதிக்க வைத்திருக்கும் ஊசியை "ஒரே ஒரு தடவை" எடுத்துக் குத்திக்கொள்வது, நண்பர்கள் சேர்ந்து ஒரே ஊசியைப் பயன்படுத்துவது, இரண்டுமே கூடவே கூடாது.

இன்னொன்று. ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் சுமார் 50 லட்சம் சிவப்பணுக்கள் இருக்கின்றன. பழக்கமில்லாதவர் போட்ட ஸ்லைடில் அவை நாணய அடுக்குபோல் ஒட்டிக்கொண்டோ, காய்ந்து முள்முள்ளாகச் சுருங்கியோ தெரியும். தடிமனாகப் பூசியதும் மெதுவாகக் காய்ந்ததுமே பெரும்பாலும் அதற்குக் காரணம். ஆனால் அதே படத்தைக் காட்டி, "உங்க ரத்தத்துல நச்சு இருக்கு, இந்த மாத்திரையை வாங்குங்க" என்று விற்பவர்களும் இருக்கிறார்கள். உயிருள்ள ரத்தச் சோதனை என்ற பெயரில் நடக்கும் இதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை. வீட்டில் யாராவது அந்த மாதிரி இடத்துக்குக் கிளம்பினால் இதைச் சொல்லுங்கள்.

சிறுநீரும் ஏமாற்றும். ஆறிப்போனால் அதில் படிகங்கள் தாமாகவே உருவாகும், பாக்டீரியாவும் பெருகும். அதனால்தான் மருத்துவக்கூடங்கள் அதைச் சுமார் இரண்டு மணி நேரத்துக்குள் சோதிக்கின்றன, இல்லாவிட்டால் குளிரூட்டி வைக்கின்றன. காலையில் எடுத்து மாலையில் பார்த்துவிட்டு "சிறுநீரகக் கல்" என்று முடிவு செய்துவிடாதீங்க. மலம், சளி, சீழ் ஆகியவை வீட்டில் வேண்டவே வேண்டாம். அவற்றால் தொற்று பரவும்.

நிபுணர்களும் தவறுவார்களா?

தவறுவார்கள். நமக்குப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது.

மலேரியாவைக் கண்டுபிடிக்க இன்றும் நுண்ணோக்கிதான் முக்கியக் கருவி. ரத்தப்பூச்சில் கீம்சா சாயமிட்டு, எண்ணெய் விட்டு 1000 மடங்கில், குறைந்தது 100 வட்டங்களையாவது பார்த்த பிறகுதான் "இல்லை" என்று சொல்வார்கள். அப்படிப் பயிற்சி பெற்றவர்கள் சரவாக்கின் காப்பிட் வட்டாரத்தில் பல நோயாளிகளுக்குப் பொதுவாக மிதமான 'பிளாஸ்மோடியம் மலேரியே' வகை இருப்பதாகப் பதிவு செய்திருந்தனர். மரபணுச் சோதனை செய்தபோது வேறு கதை தெரியவந்தது. அது குரங்குகளிடமிருந்து பரவும் 'நோலெசி' வகை. 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகக்கூடியது, உயிருக்கே ஆபத்தாகக்கூடியது. நுண்ணோக்கியில் இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். அந்த ஆய்வு 2004இல் வெளியானது.

யாரும் கவனக்குறைவாக இருக்கவில்லை. கண்ணால் பார்ப்பதற்கு ஓர் எல்லை இருக்கிறது, அவ்வளவுதான். அதனால் மருத்துவர் ஸ்லைடை மட்டும் நம்புவதில்லை. உங்களுக்கு எத்தனை நாளாகக் காய்ச்சல், எங்கே போய்வந்தீர்கள், வேறு சோதனைகள் என்ன சொல்கின்றன என்று எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பார்க்கிறார். ஸ்லைடைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவிலோ செயற்கை நுண்ணறிவுச் செயலியிலோ "இது என்ன நோய்?" என்று கேட்டால், அந்த விவரங்களில் ஒன்றுகூட அங்கே இருக்காது.

பாதுகாப்பாகச் செய்ய

- சமையலறை, சாப்பாட்டு மேசை வேண்டாம். பழைய தட்டு ஒன்றின்மேல் வேலை செய்யுங்கள். முன்னும் பின்னும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.
- உங்கள் மாதிரியை நீங்களே எடுங்கள், நீங்களே கையாளுங்கள். பஞ்சுக்குச்சி, பல்குச்சி ஒருவருக்கு ஒன்று, ஒரே ஒருமுறை.
- பயன்படுத்திய குச்சி, ஸ்லைடு ஆகியவற்றை ஒரு பங்கு பிளீச், ஒன்பது பங்கு நீர் கலந்த கரைசலில் பத்து நிமிடமாவது ஊறவையுங்கள். சன்னல் திறந்திருக்கட்டும். பிளீச்சுடன் வேறு எந்தத் துப்புரவுத் திரவத்தையும் கலக்காதீர்கள், நச்சுவாயு வரும்.
- உடைந்த கண்ணாடியை அப்படியே குப்பைப் பையில் போடாதீர்கள். மூடியுள்ள கெட்டியான புட்டியில் போட்டு வீசுங்கள். துப்புரவாளரின் கையை நினைத்துக்கொள்ளுங்கள்.
- சாயத்தை ஸ்லைடில் மட்டும் விடுங்கள், வாய்க்குள் வேண்டாம். ஜி6பிடி குறைபாடு உள்ளவர்களுக்கு மெத்திலீன் புளூ உடலுக்குள் போனால் சிவப்பணுக்கள் சிதையலாம். சிங்கப்பூரில் 1965 முதல் பிறந்த குழந்தைகளுக்கு இந்தக் குறைபாட்டுக்கான சோதனை நடைபெறுகிறது. உங்களுக்கு உண்டா என்று அம்மா அப்பாவிடம் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் ஐயோடினைப் பயன்படுத்துங்கள்.
- நுண்ணோக்கியின் கண்ணாடியைச் சூரியனை நோக்கித் திருப்பாதீர்கள். பார்வை போய்விடும்.
- அடுத்தவரின் எச்சிலோ முடியோ, அனுமதி கேட்காமல் எடுக்காதீர்கள். படத்தைப் பகிர்வதற்கும் கேளுங்கள்.

ஸ்லைடு போடாமல் நேரே மருத்துவரிடம் போக வேண்டியது எப்போது?

சிறுநீரிலோ மலத்திலோ ரத்தம். இரண்டு வாரத்துக்குமேல் ஆறாத வாய்ப்புண். இறங்காத காய்ச்சல். காரணமில்லாமல் எடை குறைவது. புதிதாக வந்த கட்டி. இவற்றில் ஏதாவது இருந்தால் நுண்ணோக்கியைத் தொட வேண்டாம். உங்கள் குடும்ப மருத்துவரையோ பலதுறை மருந்தகத்தையோ நாடுங்கள். பல்லிலும் ஈறிலும் பிரச்சினை என்றால் பல் மருத்துவர்.

"முதல்ல நான் பார்க்கறேன், ஒண்ணும் தெரியலைன்னா விட்டுடலாம்" என்ற யோசனைதான் ஆபத்து. உங்கள் ஸ்லைடில் ஒன்றும் தெரியவில்லை என்றால், அந்தத் துளியில், அந்தச் சாயத்தில், அந்தப் பெருக்கத்தில் உங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை என்பதுதான் பொருள். உடம்பில் ஒன்றும் இல்லை என்று பொருளல்ல.

இன்றே தொடங்க

ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். தேதி, மாதிரி, சாயம், எத்தனை மடங்கு, அளவு எவ்வளவு என்று எழுதி, பார்த்ததைப் பென்சிலால் வரையுங்கள். பக்கத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் "பார்த்தது". வலப்பக்கம் "நான் நினைப்பது". 'நீலப் பொட்டு, 8 மைக்ரோமீட்டர்' என்பது இடப்பக்கம். 'இது உட்கருவாக இருக்கும்' என்பது வலப்பக்கம். இரண்டையும் கலக்காமல் எழுதிப் பழகினாலே போதும்.

லீவன்ஹூக் தம் கடிதங்களில் பார்த்ததை அத்தனை நுணுக்கமாக எழுதிவைத்ததால்தான், சுமார் 340 ஆண்டுகள் கழித்தும் அவர் பார்த்தது எதுவாக இருந்திருக்கும் என்று நம்மால் பேச முடிகிறது. அவரால் சொல்ல முடியாமல்போன அர்த்தத்தைப் பின்னால் வந்தவர்கள் சேர்த்தார்கள்.

இன்றிரவு இரண்டு ஸ்லைடு போடுங்கள். ஒன்றில் உங்கள் கன்னம், இன்னொன்று வெறுமை. எதை முதலில் பார்க்கப் போறீங்க? வெறுமையான ஸ்லைடிலிருந்து தொடங்குங்கள்.